முந்நூறு மீட்டர் சந்தேகங்கள்

உருக்காலை ஃபோர்மேன், கும்மிடிப்பூண்டி சிப்காட்
பல வருடம் சேர்த்த பணம். ரோலக்ஸ் சப்மரைனரா, ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300 மீட்டரா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒமேகா. காரணம் கடலில் இல்லை, உங்கள் ஸ்கிராப் யார்டில் இருக்கிறது. இரும்புத் துண்டுகளை அள்ளித் தூக்க கிரேனில் ஒரு வட்டக் காந்தம் தொங்குகிறதே, அதுதான் காரணம்.

எலெக்ட்ரீசியன், கவரைப்பேட்டை
காந்தம் வாட்சை அப்படி என்ன செய்துவிடும்?

உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு சுருள் இருக்கிறது. காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். சுருளின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, வாட்ச் வேகமாக ஓடும். ஷிஃப்ட் முடியும் முன்பே முடிந்துவிட்டதாகச் சொல்லும். தொழிலாளிக்கு ஆனந்தம், டைம் ஆபீசுக்குத் தலைவலி.

தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர், தேர்வாய்கண்டிகை
எண்ணில் சொல்லுங்கள். நான் எண்ணை மட்டும்தான் நம்புவேன்.

காந்தம் தாங்கும் வாட்ச் என்று சொல்லிக்கொள்ளப் பழைய தரம் கேட்டது மீட்டருக்கு 4,800 ஆம்பியர், அதாவது சுமார் 60 காஸ். இன்றைய சீமாஸ்டருக்குச் சுவிஸ் அரசின் அளவியல் நிறுவனமான மெட்டாஸ் முத்திரை கொடுப்பது 15,000 காஸில். 250 மடங்கு. இன்னும் எண் வேண்டுமா?

லேத் பட்டறை உரிமையாளர், காக்களூர் தொழிற்பேட்டை
அப்படியானால் ரோலக்ஸ் காந்தத்தைக் கண்டதும் மயங்கிவிடுமா?

மயங்காது. சப்மரைனரின் சுருள் நியோபியம், சிர்கோனியம் கலந்த உலோகம். காந்தத்துக்கு எளிதில் மசியாது. ரோலக்ஸ் தாங்கும்; ஒமேகா, ‘தாங்கும்’ என்று எழுதிக் கொடுக்கும். பட்டறைக்குப் பத்திரம் பதிந்த உங்களுக்கு இதன் அருமை தெரியும்.

பொதுப்பணித் துறை ஓய்வு ஊழியர், ஊத்துக்கோட்டை
இரண்டுமே 300 மீட்டர் ஆழம் தாங்கும் என்கிறார்களே, அது எவ்வளவு ஆழம்?

நீங்கள் அளந்த ஏரியாலேயே அளப்போம். பூண்டி நீர்த்தேக்கத்தின் முழு மட்டம் 35 அடி, ஏறத்தாழ பத்தரை மீட்டர். இருபத்தெட்டுப் பூண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 300 மீட்டர். சென்னைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்துவிடும். வாட்சுக்கு ஒன்றும் ஆகாது.

படகோட்டி, பழவேற்காடு
எங்கள் ஏரிக்கு எது பொருத்தம்?

உங்கள் ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். வாட்சின் 300 மீட்டரில் 299 சும்மா கிடக்கும். அதோடு, இன்று எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று பாடு முறையில் தலைமுறை தலைமுறையாகப் பிசகாமல் பிரித்துக்கொண்ட ஊர் உங்களுடையது. முறை தவறாதவர்களுக்கு முள் எதற்கு?

கல்லூரி மாணவி, பொன்னேரி
என் வாட்சில் ‘30 மீட்டர்’ என்று போட்டிருந்தது. நீச்சல் குளத்தில் இறங்கினேன், உள்ளே பனி படர்ந்துவிட்டது. ஏமாற்றுகிறார்களா?

அந்த எண் ஆய்வகத்தில் அசையாமல் வைத்துக் கொடுத்த அழுத்தம். நீங்கள் கை வீசி நீந்துகிறீர்கள். 30 என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம். 50 என்றால் லேசாக நீந்தலாம். 100 என்றால் தாராளமாக நீந்தலாம். முத்துக் குளிக்க 200 இருப்பது நல்லது. அந்த எண்ணை ஆழமாகப் படிக்காதீர்கள், தைரியமாகப் படியுங்கள்.

பாய்லர் ஆய்வு உதவியாளர், மணலி
டைவ் வாட்ச் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொள்ளலாம், நிரூபிக்க ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தரம் இருக்கிறது. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். இருட்டில் 25 செ.மீ. தூரத்திலிருந்து நேரம் தெரிய வேண்டும். உப்புநீரில் ஊற வேண்டும். சொன்ன அழுத்தத்துக்கு மேல் கால் பங்கு கூட்டிச் சோதிக்க வேண்டும். 300 என்றால் 375. பாய்லருக்கு நீங்கள் செய்கிற அதே வேலை.

வேன் டிரைவர், புதுவாயல்
வெளி வளையம் ஒரு பக்கம் மட்டும்தான் திரும்புகிறது. ரிப்பேரா?

உயிர்க்காப்பு. தண்ணீருக்குள் இறங்கிய நேரத்தை முங்குவோர் அந்த வளையத்தில் குறித்துக்கொள்வார்கள். பாறையில் இடித்து அது நகர்ந்தாலும், போன நேரம் கூடுதலாகத்தான் தெரியும், குறைவாகத் தெரியாது. மூச்சுக்காற்று தீரும் முன் மேலே வந்துவிடுவார்கள். தவறினாலும் நல்ல பக்கம் தவறு என்பது இந்த வளையத்தின் கொள்கை. உங்கள் பிரேக்குக்கும் அதுதான் கொள்கையாக இருக்க வேண்டும்.

குடும்பத் தலைவி, மணவாளநகர்
முங்கத் தெரியாதவருக்கு அந்த வளையத்தால் என்ன பயன்?

குக்கர், பால், இட்லிப் பானை, மாத்திரை, டியூஷன் முடியும் நேரம் எல்லாம் குறிக்கலாம். உலகில் டைவ் வாட்ச் கட்டியவர்களில் பலர் வளையத்தைத் திருப்புவது இதற்குத்தான். நீங்கள் திருப்பினால் கௌரவக் குறைச்சல் இல்லை.

ஆக்சிஜன் சிலிண்டர் வியாபாரி, கும்மிடிப்பூண்டி
சீமாஸ்டரில் பத்து மணிப் பக்கம் இன்னொரு திருகு நீட்டிக்கொண்டிருக்கிறதே?

ஹீலியம் வால்வு. எண்ணெய்க் கிணற்று வேலைக்கு நாள்கணக்கில் அழுத்த அறையில் வாழும் முங்குவோர் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கிறார்கள். அந்தப் பொடி அணுக்கள் வாட்சுக்குள் புகுந்துவிடும். அழுத்தம் குறையும்போது வெளியேற வழி இல்லாவிட்டால் கண்ணாடியைத் தள்ளிவிடும். வால்வு அதற்கு வாசல். சப்மரைனரில் அது கிடையாது. அதன் அண்ணன் சீ-டுவெல்லரில் உண்டு. நீங்கள் விற்பது ஆக்சிஜன், ஆகவே திருகைத் தொடாதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வியாபாரி, கும்மிடிப்பூண்டி
ரோலக்ஸ் 904 எல், ஒமேகா 316 எல். எங்கள் தொழிலில் 904 என்றால் தனி மரியாதை. அப்போது ரோலக்ஸ்தானே?

மரியாதை நியாயம். 904 எல்லில் நிக்கலும் மாலிப்டினமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு, செம்பும் சேரும். அது பிறந்தது சல்ஃப்யூரிக் அமிலத்தைத் தாங்க. உங்கள் வியர்வை எவ்வளவு உழைப்பில் வந்தாலும் வெறும் உப்புநீர்தான். அதற்கு 316 எல் போதும்; தினம் நல்ல தண்ணீரில் அலசினால் பேரன் வரை போதும்.

கணக்காளர், திருவள்ளூர்
இவ்வளவு விலைக்கு நேரமாவது சரியாகக் காட்டுமா?

சப்மரைனருக்கு ரோலக்ஸ் தரும் வாக்கு: நாளுக்கு இரண்டு விநாடி முன்னே பின்னே. சீமாஸ்டருக்கு: பிந்தாது, முந்தினால் ஐந்து விநாடிக்குள். 1989இல் வந்த காசியோ எஃப்-91 டபிள்யூ தரும் வாக்கு: மாதத்துக்கு முப்பது விநாடி. மூன்றின் எல்லையையும் மாதக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். ஆயிரங்களில் விற்பது லட்சங்களை வெல்லும். நேரம் மட்டும் வேண்டுமென்றால் காசியோ. பேட்டரி இல்லாமல், வெறும் சுருளும் பற்சக்கரமும் இவ்வளவு நெருங்கி வருகிற அதிசயம் வேண்டுமென்றால் மற்ற இரண்டு.

பள்ளி ஆசிரியர், திருவள்ளூர்
என் வாட்ச் மிகச் சரி. ஆனால் உச்சிவெயில் பன்னிரண்டுக்கு வருவதில்லையே?

வாட்ச் சரி, சூரியனும் சரி, நடுவில் தீர்க்கரேகை. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கில் கணக்கிடப்படுகிறது. திருவள்ளூர் 80 பாகையை ஒட்டி இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், சராசரியாகப் பத்து நிமிடம் தாமதமாகத்தான் உங்கள் உச்சிப்பொழுது வரும். எந்தச் சுவிஸ்காரராலும் ரிப்பேர் செய்ய முடியாது.

தமிழாசிரியை, பெரியபாளையம்
தண்ணீரையும் கடிகாரத்தையும் சேர்த்தவர்கள் வெள்ளைக்காரர்கள்தானா?

நீங்கள் கேட்கலாமா? முல்லைப்பாட்டில் பாசறை அரசனுக்கு நீர்க்கடிகாரம் பார்த்துப் பொழுது சொல்கிறார்கள் நாழிகைக் கணக்கர். நம்மவர்கள் தண்ணீரைக் கடிகாரத்துக்குள் விட்டு நேரம் பார்த்தார்கள்; சுவிஸ்காரர்கள் தண்ணீரை வெளியே நிறுத்தி நேரம் பார்க்கிறார்கள்.

மீன் ஏற்றுமதி நிறுவன ஊழியர், எண்ணூர்
நம் முத்துக்குளிப்போர் என்ன வாட்ச் கட்டினார்கள்?

நெஞ்சு. மன்னார் வளைகுடாவில் காலில் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சு முட்டும் நேரத்தைக் கணக்காக வைத்து ஏறினார்கள். சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவரின் கவனம்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு வளையம்.

வாட்ச் பிரியர், மீஞ்சூர்
முதலில் தண்ணீரில் இறங்கியது யார்? ரோலக்ஸா, ஒமேகாவா?

ரோலக்ஸ் 1926இல் ஆய்ஸ்டர் என்ற நீர்புகாக் கூட்டைச் செய்தது. 1927இல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் அதைக் கழுத்தில் தொங்கவிட்டு ஆங்கிலக் கால்வாயில் நீந்தினார். குளிரில் அவரால் அன்று கரை சேர முடியவில்லை, வாட்ச் நிற்கவில்லை. ரோலக்ஸ் லண்டன் ‘டெய்லி மெயில்’ முதல் பக்கத்தில் விளம்பரம் போட்டது. ஒமேகா 1932இல் மரீன் என்ற வாட்சோடு வந்தது. இன்று நாம் பார்க்கும் டைவ் வாட்ச் உருவம் 1953இல் பிளாங்பான் நிறுவனமும் ரோலக்சும் கொடுத்தது.

கப்பல் கட்டும் தள வெல்டர், காட்டுப்பள்ளி
மிக ஆழத்துக்குப் போன வாட்ச் எது?

1960 ஜனவரி 23 அன்று ட்ரியெஸ்ட் என்ற ஆழ்கடல் கலம் மரியானா அகழியின் அடியைத் தொட்டது. அதன் வெளிப்புறம் கட்டியிருந்த சோதனை ரோலக்ஸ் ஓடிக்கொண்டே மேலே வந்தது. 2019இல் ஒமேகாவும் அதே அகழிக்கு இறங்கியது. இரண்டும் கடையில் நீங்கள் வாங்கும் வாட்ச் இல்லை. இறங்கிய கலத்தின் வெல்டிங் உங்களைப் போன்றவர்களுடையது. என் வணக்கம் அதற்கு.

தியேட்டர் ஆபரேட்டர், திருத்தணி
ஜேம்ஸ்பாண்ட் கட்டியது எது?

இரண்டும். 1962 ‘டாக்டர் நோ’வில் ஷான் கானரி கையில் சப்மரைனர். 1995 ‘கோல்டன் ஐ’ முதல் சீமாஸ்டர். கட்சி மாறியும் ஹீரோவாகவே இருந்தவர் அவர் ஒருவர்தான்.

ரசிகர் மன்றத் தலைவர், ஆரம்பாக்கம்
எங்களுக்கு ரோலக்ஸ் என்றால் சூர்யாதான்!

சரிதான். 2022 ‘விக்ரம்’ படத்தில் பாத்திரத்தின் பெயர் ரோலக்ஸ். படம் வென்றதும் கமல்ஹாசன் சூர்யாவுக்குக் கொடுத்த பரிசும் ரோலக்ஸ். சில நிமிடமே திரையில் நின்றவருக்குக் கடிகாரம் பரிசு. நேரத்தை வீணாக்காதவருக்கே நேரம் பரிசு.

ஃபர்னஸ் ஆபரேட்டர், கும்மிடிப்பூண்டி
உலை முன்னால் எது தாங்கும்?

எதுவும் வேண்டாம், தம்பி. உருகிய எஃகு 1,500 பாகையைத் தாண்டித் தகிக்கிறது, வாட்சின் துல்லியத்துக்கான சி.ஓ.எஸ்.சி. சோதனை 38 பாகையில் முடிகிறது. இண்டக்‌ஷன் காயில் பக்கத்தில் கையிலிருக்கும் உலோகமே சூடேறலாம். சுழலும் லேத்தில் ஸ்ட்ராப் மாட்டினால் முதலில் போவது வாட்ச் இல்லை. லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போங்கள். வாட்சுக்கு வாரண்டி ஐந்து வருடம். மணிக்கட்டுக்கு வாரண்டி கிடையாது.

ஸ்கேன் மைய உதவியாளர், திருவள்ளூர்
15,000 காஸ் தாங்கும் என்றால் எம்.ஆர்.ஐ. அறைக்குள் கட்டிக்கொண்டு போகலாமா?

15,000 காஸ் என்பது 1.5 டெஸ்லா; உங்கள் மெஷினின் அளவேதான். வாட்ச் பிழைக்கலாம். ஆனால் அந்த அறைக்குள் உலோகம் கூடாது என்ற பலகை வாட்சுக்காக எழுதியது இல்லை, நோயாளிக்காக எழுதியது. கழற்றுங்கள்.

டெலிவரி ஊழியர், கும்மிடிப்பூண்டி
பாரிமுனை நடைபாதையில் சப்மரைனர் 1,500 ரூபாய்க்குக் கிடைத்தது!

பின்பக்கம் திருப்புங்கள். கண்ணாடி வழியே எந்திரம் தெரிகிறதா? தெரிந்தால் அது சப்மரைனர் இல்லை. அசலின் முதுகு முழு எஃகு. கண்ணாடி முதுகு சீமாஸ்டருக்கு. ஒமேகா காட்டும், ரோலக்ஸ் மறைக்கும், போலி மாட்டிக்கொள்ளும்.

ரியல் எஸ்டேட் தரகர், திருவள்ளூர்
சப்மரைனர் கேட்டால் காத்திருக்கச் சொல்கிறார்கள். வேறு ஏதாவது வாங்கினால் வரிசையில் முன்னே போகலாமா?

வேண்டாத வாட்சை வாங்கி வேண்டிய வாட்சுக்குக் காத்திருப்பது இரண்டு செலவு. பெயரைப் பதிந்துவிட்டுப் பொறுங்கள், அல்லது இன்றே கிடைக்கும் சீமாஸ்டரை வாங்குங்கள். பட்டியல் விலையும் கணிசமாகக் குறைவு. பிளாட் வாங்க வந்தவருக்கு நீங்கள் சொல்லாத அறிவுரை இது.

ஹார்ட்வேர் கடைக்காரர், செங்குன்றம்
முழுப் பணமும் ரொக்கமாகக் கொடுத்து வாங்கலாமா?

2017 ஏப்ரல் முதல் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதே சட்டமீறல். பான் எண் கேட்பார்கள், கொடுங்கள். விலை பத்து லட்சம் தாண்டினால், 2025 ஏப்ரல் 22 முதல் ஒரு சதவீதம் டி.சி.எஸ். வரி பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நீரை உள்ளே விடாத வாட்ச், கணக்கை வெளியே விட்டுவிடும்.

ஒப்பந்தத் தொழிலாளி, துபாய் (சொந்த ஊர் எளாவூர்)
ஊருக்கு வரும்போது கையில் கட்டிக்கொண்டு வந்தால் சுங்க வரி கிடையாது என்கிறார்களே?

கையில் கட்டினாலும் பையில் வைத்தாலும் சுங்கத்துக்கு ஒன்றுதான். இலவச வரம்புக்கு மேலே போனால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். பாலைவனத்தில் சம்பாதித்ததை விமான நிலையத்தில் இழக்காதீர்கள்.

ஏற்றுமதி ஆலோசகர், அம்பத்தூர்
சுவிஸ் வாட்சுக்கு வரி குறையப் போகிறதாமே, பொறுக்கலாமா?

சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ‘எஃப்டா’ நாடுகளோடு 2024 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. சுவிஸ் வாட்சுகளின் சுங்க வரி படிப்படியாகக் குறைய வேண்டும். ஆனால் கம்பெனி விலையை ஏற்றுவதற்கு ஒப்பந்தம் தேவையில்லை. வாங்குவது என்று முடிவானால் வாங்குங்கள்.

நகைக் கடன் எழுத்தர், பொன்னேரி
வாட்ச் முதலீடுதானே சார்?

உங்கள் கவுன்ட்டரில் எஃகு வாட்சை நீட்டினால் எவ்வளவு கடன் தருவீர்கள்? அதுதான் பதில். 2022 தொடக்கத்தில் பழைய வாட்ச் சந்தை உச்சிக்குப் போய் இறங்கியபோது, முதலீடு என்று வாங்கியவர்கள் தலையில் கை வைத்தார்கள். கட்டிக்கொள்ள வாங்கியவர்கள் நேரம் பார்த்தார்கள்.

செவிலியர், கடம்பத்தூர்
கணவர் மாதத் தவணையில் சீமாஸ்டர் வாங்குவேன் என்கிறார்.

வட்டிக்கு வாங்கிய வாட்ச் மணி காட்டாது அம்மா, மாதத்தின் ஐந்தாம் தேதியைத்தான் காட்டும். சேர்த்து வாங்கச் சொல்லுங்கள்.

பேருந்து நடத்துநர், திருவள்ளூர்
மதிய வெயிலில் கை வீங்கி ஸ்டீல் செயின் இறுகுகிறது. இதில் எது மேல்?

இந்த ஒரு கேள்வியில் ரோலக்ஸ். சப்மரைனரின் கிளாஸ்ப்பைத் திறந்து இரண்டு மில்லிமீட்டர் படிகளாக இருபது வரை நீட்டலாம். கருவி எதுவும் வேண்டாம். ஒமேகாவிலும் அழுத்தி நகர்த்தும் வசதி உண்டு. ஆனால் சித்திரை வெயிலைப் பார்த்துச் செய்தது போலிருப்பது ரோலக்ஸ் கிளாஸ்ப்தான்.

பழைய வாட்ச் மெக்கானிக், காக்களூர்
எங்கள் கையில் கொடுத்தால் சர்வீஸ் செய்யமாட்டோமா?

காந்தம் இறக்க உங்களிடமே வரட்டும். சில நூறு ரூபாய்க் கருவி, சில விநாடி வேலை. ஆனால் கூட்டைத் திறந்தால் கேஸ்கெட் மாற்றி, அழுத்தச் சோதனை செய்து மூட வேண்டும். அந்த எந்திரம் இருப்பவர் திறக்கட்டும். ரோலக்ஸ் சுமார் பத்து வருடத்துக்கு ஒரு முறை, ஒமேகா ஐந்து முதல் எட்டு வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் என்கின்றன. தண்ணீரில் இறங்குபவர் அதற்கிடையே வருடா வருடம் அழுத்தச் சோதனை செய்வது நல்லது.

சிறுதொழில் சங்க உறுப்பினர், காக்களூர்
நம் ஊர்க்காரர்கள் யாருமே வாட்ச் செய்யவில்லையா?

ஓசூரை மறந்தீர்களா? டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் தொடங்கியது டைட்டன். இன்றும் கால் பங்குக்கு மேல் டிட்கோ கையில். டைட்டன் கட்டிய ஒவ்வொரு கையும் தமிழ்நாட்டு அரசுக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது.

ஐ.டி.ஐ. மாணவர், கும்மிடிப்பூண்டி
எனக்கும் டைவ் வாட்ச் ஆசை. என்ன செய்வது?

ஆசை நல்லது. சீக்கோ 1965 முதல் டைவ் வாட்ச் செய்கிறது. சிட்டிசனில் வெயிலிலேயே சார்ஜ் ஆகிற 200 மீட்டர் வாட்ச் இருக்கிறது. நம் மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. முதல் சம்பளங்களைச் சேர்த்து அதை வாங்குங்கள். தொழிலைக் கற்றுக்கொண்டால் மற்ற இரண்டும் உங்களைத் தேடி வரும்.

ஆலை மேலாளர், சிப்காட்
கடைசித் தீர்ப்பு?

காந்தம், மோட்டார், கிரேன் நடுவே நடப்பவருக்கு சீமாஸ்டர். அலுவலக மேசையும் காத்திருக்கப் பொறுமையும், கூடுதல் பணமும் உள்ளவருக்கு சப்மரைனர். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் கை தினமும் எங்கே போய் வருகிறது என்று பார்த்து வாங்குங்கள். வாங்கியதை பீரோவில் பூட்டாமல் கட்டுங்கள். உலை வாசலிலும் லேத் முன்பும் மட்டும் கழற்றி வையுங்கள், உங்கள் ஆட்களையும் கழற்றச் சொல்லுங்கள்.